பின்னணியில் ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கிறது

இதை எழுத உட்கார்ந்த பிறகும் பலமுறை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். 132 என்று காட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி நேராக இருக்கிறது. அதாவது, என் மகளின் ரத்தத்தில் சர்க்கரை நூற்று முப்பத்திரண்டு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் அடுத்த அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்துக் கேட்டால் அவளே சொல்லிவிடுவாள். ஆனால் கேட்டால் முறைப்பாள். பதினைந்து வயது.

ஒன்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. இனிப்புச் சாப்பிட்டு வருகிற நோய் இல்லை இது. இன்சுலின் சுரக்கும் வேலையை அவள் உடம்பு ஒருநாள் நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. ஊசி போட்டால் அதற்குத் தக்கபடி சாப்பிட வேண்டும். சாப்பிட்டது குறைந்தாலோ, அதிகமாக ஓடி ஆடினாலோ சர்க்கரை சடசடவென்று இறங்கும். எழுபதுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அதற்கும் கீழே என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒருமுறை சொன்னார். நான் மறுபடி கேட்டதில்லை.

போன வருடம் அவள் மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டினோம். பட்டன் மாதிரி இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது அவள் போனுக்கு எண்ணை அனுப்பும். அவள் போன் அதை என் போனுக்கு அனுப்பும். எழுபதைத் தொட்டால் இரண்டு போனும் சேர்ந்து அலறும். அந்தச் செயலியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அது பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் போதும். சென்சார் வந்த பிறகுதான் நான் இரவில் தொடர்ந்தாற்போல் தூங்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து வைத்திருக்கும் நெல் வயல். தம்பி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வருடா வருடம் வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாளன்று ஊரில் பாதிப் பேர் கையில் பூசைத் தட்டும் மீதிப் பேர் கையில் போனுமாக நிற்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அன்றைக்குத் தண்ணீரைக் காட்டியே ஆகவேண்டும். சிங்கப்பூருக்கு, துபாய்க்கு, குவைத்துக்கு. வீடியோ எடுத்து அனுப்பினால் போதாது, நேரலையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் நாங்கள் மறந்துபோய், கொழுந்தனார் ஒரு மாதம் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

இந்த வருடம் மகளுக்கு ஒரே துடிப்பு. "தண்ணி நம்ம மடைக்கு வர்ற வரைக்கும் யாரு காத்துக்கிட்டு நிக்கிறது? நான் மதகுக்கே போயி அங்கேருந்து கூட்டிட்டு வர்றேன்" என்றாள். மதகு எங்கள் வயலிலிருந்து மேற்கே, கால்நடையாகப் போகிற தூரம்தான். அங்கே வாய்க்கால் இரண்டாகப் பிரியும். வலது கிளை எங்கள் பக்கம் வரும். இடது கிளை அடுத்த ஊர்த் தோப்புகளைப் பார்த்துப் போகும்.

அன்று வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் விடுமுறை. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. காலையில் ஊசி போட்டுக்கொண்டாள். நான்கு இட்லி வைத்தேன். இரண்டைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"இன்னும் ரெண்டு இருக்குடி."

"தண்ணி வந்துடும்மா. வந்து தின்றேன்."

"பாக்கெட்டுல குளுக்கோஸ் வச்சிருக்கியா?"

"இருக்கு, இருக்கு." பாவாடைப் பாக்கெட்டைத் தட்டிக் காட்டிவிட்டு ஓடினாள்.

நான் போனைப் பார்த்தேன். 158. நிம்மதியாக இருந்தது.

முதல் தண்ணீர் வருவதை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பாய்ந்து வராது. நடந்து வரும். வெடித்துக் கிடக்கும் தரை முதலில் குடித்துக்கொள்ளும், பிறகுதான் தண்ணீர் ஓரடி முன்னால் வைக்கும். சருகு, நுரை, தண்ணீர் பாட்டில், செருப்பு, ஒரு வருடத்துக் குப்பை எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு வரும். வெடிப்புகளுக்குள்ளிருந்து பூச்சிகள் பதறிக்கொண்டு வெளியே வர, கொக்குகள் தண்ணீருக்கு முன்னாலேயே வரிசையாக நடந்து வரும். நாய்கள் அதைப் பார்த்துக் குரைக்கும். ஒவ்வொரு வருடமும் பார்த்தாலும் ஒவ்வொரு வருடமும் எனக்கு நெஞ்சு படபடக்கும். எம்.எஸ்ஸி. படித்தவள், இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஆனாலும் அன்றைக்குச் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவேன்.

எங்கள் மடையருகே நான், பக்கத்து வயல் அக்கா, இன்னும் சில பெண்கள். அக்காவின் தட்டில் பூ, கற்பூரம், வெல்லம், ஒரு கைப்பிடி விதைநெல். என் வீட்டுக்காரர் கொஞ்சம் மேலே மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிக் குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

சத்தம் முதலில் வந்தது. பிறகு கொக்குகள். பிறகு ஊர்ப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில், நுரையை உருட்டிக்கொண்டு, காவிரி. அக்கா குலவையிட்டார். நான் பூவை அள்ளி வீசினேன். வீட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "அடேய், தம்பி பாக்குறானா? பாக்குறானா?" என்று கத்தினார்.

அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் வந்துவிட்டது. மகள் வரவில்லை.

"பாப்பா எங்கடா?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

"மதகுல இருந்துச்சு அத்தை. போன்ல பேசிக்கிட்டு இருந்துச்சு."

போனைப் பார்த்தேன். 126. அம்பு நேராக. சரி, சித்தப்பாவிடம் கதை அளந்துகொண்டு பின்தங்கியிருப்பாள் என்று நினைத்தேன். தண்ணீர் எங்கள் மடைக்குள் நுழைந்தது. கற்பூரம் ஏற்றினோம். மறுபடி பார்த்தேன். 126. இன்னொரு முறை பார்த்தேன். 126. எவ்வளவு நல்ல எண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒரு மனுஷியின் சர்க்கரை அவ்வளவு நேரம் அசையாமல் அதே எண்ணில் நிற்குமா என்று, வேதியியல் படித்த எனக்கு, அந்த நேரத்தில் தோன்றவில்லை.

போன் அடித்தது. மஸ்கட்.

"அண்ணி, பாப்பா உங்க கூடவா இருக்கா?"

"இல்லையே தம்பி. உங்ககிட்டதானே பேசிக்கிட்டு இருக்கா?"

"கால் ஓடிக்கிட்டுதான் இருக்கு அண்ணி. இது ரூம்மேட்டு போன்ல பேசுறேன். அவ பேச மாட்டேங்கிறா. ரொம்ப நேரமா வெறும் வானம்தான் தெரியுது. பாப்பா பாப்பான்னு கத்துறேன், சத்தமே இல்ல. அதுக்கு முன்னாடியும் ஒரு மாதிரிதான் பேசினா. தண்ணியக் காட்டும்மான்னா, 'எந்தத் தண்ணி?'ங்கிறா."

எந்தத் தண்ணி. அந்த இரண்டு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் என் போன் 126 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த எண்ணுக்குக் கீழே, எறும்பு மாதிரிச் சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்தைப் படித்தேன். அது முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய எண்.

"தம்பி, வானத்துல என்ன தெரியுது? எதாவது சொல்லுங்க!"

"வானம்தான் அண்ணி..."

"நல்லா பாருங்க! மரம், கம்பி, எதாவது!"

"ஒரு ஓரத்துல... கம்பம் மாதிரி ஒண்ணு... இல்ல, மரம். தென்ன மரம். ஆனா தல இல்ல அண்ணி. மொட்டையா நிக்கிது. பக்கத்துல இன்னொண்ணு. அதுக்கும் தல இல்ல."

புயலில் தலை போன தோப்பு! வெறும் தண்டுகள் மட்டும் வரிசையாக நிற்கும். அது எங்கள் பக்கம் இல்லை. இடது கிளையில் இருக்கிறது. மதகில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தபோது அவள் தப்பான தண்ணீரோடு நடந்துவிட்டாள். கொழுந்தனாருக்கு அந்தத் தோப்பு தெரியாது. அவர் ஊரை விட்டுப் போனபோது அது பச்சைப் பசேலென்று இருந்தது.

"என்னங்க! மொட்டத் தென்னந்தோப்பு! பாப்பா!" என்று கத்தினேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓட ஆரம்பித்தார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்சீட்டில் தொப்பென்று ஏதோ விழுந்தது. பக்கத்து வயல் அக்கா. கையில் தட்டு.

"எதுக்குக்கா தட்டு?"

"வெல்லம் இருக்குல்ல! ஓட்டு, ஓட்டு!"

வாய்க்கால் கரையில் அவ்வளவு வேகமாக நான் வண்டி ஓட்டியதில்லை. இனியும் ஓட்ட மாட்டேன். அக்கா பின்னால் உட்கார்ந்து, "ஆத்தா, காவிரித்தாயே, உனக்கு வச்சதைத் தூக்கிட்டு வந்துட்டேன், கோவிச்சுக்காதே" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். விதைநெல் பறந்து என் முதுகில் அடித்தது.

கரைச் சரிவில் புல்லின் மேல் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் இல்லை, எல்லாம் வியர்வை. போன் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஆண்குரல் ஒன்று அழுதுகொண்டிருந்தது.

"பாப்பா, இங்க பாரு, அம்மாடி."

"விடு. பஸ் போயிடும்" என்றாள். என் கையைத் தட்டிவிட்டாள்.

"முழுங்க முடியுதா பாரு" என்றார் அக்கா. வண்டியில் இருந்த பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். வெல்லத்தை உடைத்து அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி மேலே துப்பினாள். என்னை ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "திட்டட்டும், திட்டட்டும். திட்டுறதுக்குத் தெம்பு இருக்குல்ல" என்றார் அக்கா. ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 41.

வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சேறும் மூச்சிரைப்புமாக அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மறுபடி குத்தினேன். 63. கொஞ்ச நேரம் கழித்து 88. அவள் கண்ணில் ஆள் திரும்பி வந்தது. சுற்றிலும் பார்த்தாள். மொட்டைத் தென்னைகளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"ஏம்மா என் சட்டையெல்லாம் வெல்லம்?"

நான் சிரித்தேன். அழுதேன். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தேன். புல்லிலிருந்து, "அண்ணி! யாராவது சொல்லுங்களேன்! அண்ணி!" என்று மஸ்கட் கதறியது. வீட்டுக்காரர் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இருக்காடா. இருக்கா" என்றார்.

தஞ்சாவூர் டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இட்லியில் பாதியை மிச்சம் வைத்ததுதான் காரணம் என்றார். பாக்கெட்டில் இருந்த குளுக்கோஸ் ஏன் உதவவில்லை என்று கேட்டேன். தனக்கு இறங்குகிறது என்று தெரிந்தால்தானே எடுத்துத் தின்பாள். சிலருக்கு உடம்பு சொல்லாது, அதற்காகத்தான் அலாரம் என்றார். அப்படியானால் அலாரம் ஏன் அடிக்கவில்லை? அந்தக் கேள்வியை அவர் என் பக்கமே திருப்பிவிட்டார். "உங்க போனக் கேளுங்கம்மா."

கேட்டேன். ஆனால் முதலில் மகள்தான் சொன்னாள், மெதுவாக, இரண்டு நாள் கழித்து.

"படம் நின்னு நின்னு வருதுன்னு சித்தப்பா சொன்னாரும்மா. பின்னாடி ஓடுறதையெல்லாம் மூடிட்டு வா, அப்பத்தான் தண்ணி நல்லாத் தெரியும்னாரு. நான் 'எல்லாம் மூடு' அமுக்கிட்டேன். அதோட இதும் போயிருச்சு போல. அவர்கிட்ட சொல்லாத. பாவம்."

அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தார். "நானே மூடச் சொல்லி நானே வானத்தப் பாத்துக்கிட்டு நின்னேன் அண்ணி" என்று போனில் புலம்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் யார்தான் அதைச் செய்வதில்லை? போன் சூடானாலும், தயங்கினாலும், சார்ஜ் இறங்கினாலும் திறந்திருக்கும் எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடிவிடுவதுதான் வைத்தியம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறை போன் பேசிய பிறகும் தள்ளிவிடுவார், வயலிலிருந்து வந்தவுடன் கால் கழுவுகிற மாதிரி.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மகள் எறிபந்து விளையாடுவாள். மாவட்ட அணிக்கான தேர்வு தஞ்சாவூரில். தோழிகளோடு பஸ்ஸில் போய் வருவதாக எப்போதோ பேச்சு. நான் முடியாது என்றேன். ஒரே வார்த்தை. அவள் சாப்பிடாமல் இருக்க முடியாது, அதனால் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் வந்து நின்றாள்.

"போனுக்கு ஒரு பரீட்சை வைப்போம். அது பாஸ் பண்ணிட்டா நீ என்னை அனுப்பணும்."

"ஃபெயிலானா?"

"ஃபெயிலானா நானே போகல."

பிடித்துப்போனது எனக்கு. ஆய்வகத்தில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன நடக்கிறது பார். சமையலறை மேசையில் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இடம் இல்லாததுதான் சிக்கல் என்று நினைத்து அவள் போனிலிருந்த பழைய வீடியோக்களையெல்லாம் கணினிக்கு மாற்றி அழித்தேன். அரை நாள் வேலை. ஒரு பயனும் இல்லை. பொருள் சேர்த்து வைக்கிற இடம் வேறு, வேலை நடக்கிற இடம் வேறு. பத்தாயத்தைக் காலி செய்தால் களம் பெரிதாகிவிடுமா? களம் சின்னதாகவே இருந்தது. விலை குறைந்த போன், மூன்று ஜிபி ரேம்.

அப்புறம் சோதனை. எதையும் மூடாமல், சென்சார் செயலியைப் பின்னால் ஓடவிட்டு, கேமராவைத் திறந்தோம். எண் வந்தது. அதோடு பாட்டு. வந்தது. அதோடு வீடியோ கால், மஸ்கட்டுக்கு. "அண்ணி, நான் என்ன செய்யணும்?" "ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி, உங்க பாட்டுக்கு முகத்தைக் காட்டிக்கிட்டு இருங்க." அவர் சோறு தின்றுகொண்டே காட்டினார். கொஞ்ச நேரத்தில் எண் நின்றுபோனது.

யாரும் மூடவில்லை! போனே மூடிவிட்டது!

இதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பயமும் வந்தது, ஒரு பெரிய உற்சாகமும் வந்தது. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே! கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான் போன். இலை போட இடம் இவ்வளவுதான். கேமராவும் வீடியோ காலும் பெரிய குடும்பமாக வந்து நின்றால், யாரையாவது எழுப்பித்தான் ஆக வேண்டும். மூலையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று போன் நினைத்துக்கொள்கிறது. எங்கள் சென்சார் செயலிதான் அந்த மூலை ஆள். அது சத்தமே போடாது. போட வேண்டிய நாளில் போடுவதற்காகத்தான் அது உட்கார்ந்தே இருக்கிறது. அது போனுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு வழிகள் இருந்தன. அமைப்புகளுக்குள் போய், பேட்டரி என்ற இடத்தில், அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினோம். தானாகவே தொடங்க அனுமதி கொடுத்தோம். திறந்திருக்கும் செயலிகளின் வரிசையில் அதை அழுத்திப் பிடித்தால் ஒரு சின்னப் பூட்டு வந்தது. பூட்டைப் போட்டுவிட்டு 'எல்லாம் மூடு' அமுக்கினால் மற்றதெல்லாம் போயிற்று, அது மட்டும் நின்றது. மகள் மேசையில் தட்டிக் கத்தினாள். பிறகு, அவள் முகத்தைப் பளபளப்பாக்கும் செயலிகள் ஒரு கூட்டமே பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொன்னேன். பெரிய பேரம் நடந்தது. இரண்டை வைத்துக்கொண்டாள்.

என் போனிலும் ஒன்று இருந்தது. எண் வராமல் போனால் அதற்கும் ஓர் அலாரம் உண்டு. பள்ளிக்கூட நாட்களில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் சும்மா சும்மா கத்துகிறதே என்று அதை எப்போதோ அணைத்துவைத்திருந்தோம். போட்டோம். இனி எண் இல்லாவிட்டாலும் என் போன் கத்தும். பழைய எண்ணைக் காட்டி என்னை யாரும் தாலாட்ட முடியாது.

அடுத்து வெளியில், வெயிலில், இறுதிப் பரீட்சை. வீட்டுக்காரர்தான் நடுவர். அவரிடம் முதலில் ஒரு சத்தியம் வாங்கினோம், யார் போனையும் தள்ளிவிடக் கூடாது என்று. கேமரா, பாட்டு, மஸ்கட், எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு மகள் வாய்க்கால் கரையில் நடந்தாள். நான் வீட்டு வாசலில் என் போனை வைத்துக்கொண்டு நின்றேன். 140. 137. 131. ஒவ்வொரு எண்ணும் வந்து விழும்போது நான் உரக்கச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வயல் அக்கா, "என்னடி, கிரிக்கெட்டா?" என்றார். 128. 125. மகள் மதகைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு எண்கூடத் தவறவில்லை.

"பாஸு!" என்றார் நடுவர்.

கொழுந்தனார் அங்கிருந்து, "அப்ப அனுப்பிடுங்க அண்ணி. இந்தத் தடவ நான் வாயத் தொறக்கல" என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். தேர்வு நாளன்று அவளைப் பஸ் ஏற்றினேன். தோழிகள் நால்வரையும் நிறுத்திவைத்து, என்ன ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். "ஆன்ட்டி, நேத்தே போன்ல சொல்லிட்டீங்க" என்றாள் ஒருத்தி. "அதுக்கு முந்தின நாளும்" என்றாள் இன்னொருத்தி. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்காத மாதிரி இருந்தாள். பஸ் திரும்புகிற இடத்தில் மட்டும் கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

அன்று எங்கள் வயலில் நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் நின்று நாற்றுக்கட்டு எடுத்துப் போடுகிறேன் என்று பெயர். போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 151. 144. மைதானத்துக்குப் போயிருப்பாள். 120. ஓட விட்டிருப்பார்கள். 97. 81, அம்பு கீழே பார்த்தது. கூப்பிடலாமா? கூப்பிடக் கூடாது என்று ஒப்பந்தம். அலாரம் அடித்தால் மட்டும்தான் கூப்பிடலாம்.

போன் அலறியது.

என்ன சத்தம்! ஆம்புலன்ஸும் மயிலும் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நடவுப் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். 69. திரையெல்லாம் சிவப்பு. அடித்துவிட்டதே என்று நான் சிரித்துக்கொண்டே நாற்றுக்கட்டோடு ஒரு குதி குதித்தேன்.

"என்னக்கா, பரிசு விழுந்துடுச்சா?"

"அலாரம் அடிக்குது! என் பொண்ணுக்குச் சுகர் எறங்கிடுச்சு!"

"அதுக்கா சிரிக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, "படிச்சவங்க எல்லாம் இப்படித்தான்" என்றாள்.

விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அமுக்கினேன். மூன்றாவது முறை சரியாக அமுக்கப் போகும்போது அவளே கூப்பிட்டுவிட்டாள். பின்னணியில் விசில் சத்தம், பெண் பிள்ளைகளின் கூச்சல்.

"அம்மா! உன் போன்ல அடிச்சுதா?"

"அடிச்சுதுடி! உன் போன்ல?"

"பையில இருந்து அடிச்சுச்சு! மைதானமே திரும்பிப் பாத்துச்சு! சார் யாரு அதுன்னு கேட்டாரு, நான்தான்னு கையத் தூக்கினேன்." வாய்க்குள் ஏதோ உருள்வது கேட்டது.

"என்ன திங்கிற?"

"குளுக்கோஸ். நாலு வில்லை. போட்டுட்டேன். உக்காந்துட்டேன். எண்பது தாண்டினாத்தான் ஆட வருவேன்னு சார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ அழுவுறியா?"

"இல்லடி."

"அழுவுற. அங்க யாரோ சிரிக்கிறாங்க."

"நடவு ஆளுங்க. என்னப் பாத்துத்தான்."

"இன்னிக்கு இட்லி நாலும் தின்னேன்மா. அப்படியும் எறங்கிடுச்சு பாரு" என்றாள், ஏதோ சாதனை மாதிரி. எல்லாம் சரியாகச் செய்தாலும் இறங்கத்தான் செய்யும். இனியும் இறங்கும். நான் இல்லாத மைதானத்தில், நான் பார்க்காத பஸ்ஸில், எனக்குப் பெயர் தெரியாத ஊர்களில். அப்போதெல்லாம் அவள் இப்படிக் கையைத் தூக்கி, நான்தான் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து, வில்லையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

"இங்க வர்றேன்னு கெளம்பிடாத" என்றாள். ஸ்கூட்டர் சாவி என் கையில் இருந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

"வரல."

"சத்தியமா?"

"சத்தியமா வரல. நீ ஆடு."

"சரி, வை. போன் சூடாவுது."

வைத்தேன். 72. சாவியைத் தாவணி மாதிரி இடுப்பில் சுற்றியிருந்த துண்டின் முனையில் முடிந்துகொண்டு வயலில் இறங்கினேன். கை சும்மா இருந்தால் ஓடிவிடுவேன் என்று தோன்றியது. நடவுப் பெண்கள் விலகி எனக்கு ஓர் இடம் விட்டார்கள். எனக்கு நடத் தெரியாது. கோணல்மாணலாக நட்டேன். போனைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்து, சேறு படாமல் பிடித்துக்கொண்டு எண்ணை மட்டும் படிக்கச் சொன்னேன்.

"எழுவத்தஞ்சுக்கா" என்றாள் அவள்.

நட்டேன்.

"எண்பத்தி மூணு. அம்பு மேல பாக்குது. இது நல்லதா?"

"ரொம்ப நல்லது" என்றேன். "இப்ப எழுந்திருப்பா."